அண்ணாச்சியின் ஆயிரம் பங்குகள்

2009 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) பங்கு ஒரு டாலர் சொச்சத்துக்கு வந்து நின்றபோது எங்கள் அண்ணாச்சி ஆயிரம் பங்கு வாங்கினார். மிச்சிகன் மாநிலம் டிராய் நகரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். மூவருக்குமே கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளில் ஒப்பந்த சாஃப்ட்வேர் வேலை. அண்ணாச்சி சாத்தான்குளத்துக்காரர், வயதில் மூத்தவர், காசு விஷயத்தில் கெட்டி. வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "தம்பி, கவர்மெண்டே பணத்தக் கொண்டு கொட்டியிருக்கான். அவன் முங்க விடுவானா?" என்றார்.

அவர் கணிப்பு அச்சு அசலாகப் பலித்தது. வேடிக்கையே அதில்தான்.

அதற்கு முந்தைய வருடத்திலிருந்து சொல்ல வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1.6 கோடி வண்டிகள் விற்றன. 2009-இல் விற்றது 1.04 கோடிதான். அந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஜனம் திடீரென்று கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிடவில்லை. 2008 கோடையில் பெட்ரோல் கேலனுக்கு நான்கு டாலரைத் தொட்டதும் பெரிய பெரிய வண்டிகளை யாரும் சீண்டவில்லை என்பது உண்மை. ஆனால் கழுத்தை நெரித்தது கடன். அங்கே காரைப் பெரும்பாலும் கடனில்தான் வாங்குவார்கள். ஷோரூமில் நிற்கும் காரே டீலர் கடன் வாங்கி நிறுத்தி வைத்திருப்பதுதான். ஜிஎம் வண்டிகளுக்குப் பெரும்பாலும் கடன் கொடுத்து வந்தது ஜிஎம்ஏசி என்ற நிதி நிறுவனம். லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி 2008 செப்டம்பரில் கவிழ்ந்த அடுத்த மாதமே, கடன் மதிப்பெண் 700-க்குக் கீழே இருப்பவர்களுக்குக் கடன் கிடையாது என்று அது சொல்லிவிட்டது. அந்த ஒரு வரியில் பாதி ஊர் வரிசையிலிருந்து வெளியே போயிற்று. டிசம்பர் கடைசியில் அரசாங்கம் ஜிஎம்ஏசிக்கு 500 கோடி டாலர் கொடுத்தது. மறுநாளே அந்த எண் 621-க்கு இறங்கியது. அரசுக் கடன் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜிஎம் கையில் 2008 செப்டம்பர் கடைசியில் 1,620 கோடி டாலர் இருந்தது. கேட்கப் பெரிய தொகை. ஆனால் அதற்கு முந்தைய மூன்றே மாதத்தில் 690 கோடி கரைந்திருந்தது. தவிர, கடையைத் திறந்து வைக்கவே குறைந்தது 1,100 கோடி கையிருப்பு வேண்டும் என்று கம்பெனியே சொன்னது. நான் எங்கள் சமையலறை மேசையில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பொங்கல் வரை தாங்காது.

நவம்பரில் ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று கம்பெனித் தலைவர்களும் வாஷிங்டன் போய் 2,500 கோடி டாலர் கேட்டார்கள். தனி விமானத்தில் போனார்கள். அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் ஊரே அதை வைத்துத்தான் சிரித்தது. வணிக விமானத்தில் வந்தவர் யாராவது கையைத் தூக்குங்கள் என்று பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அடுத்த முறை டெட்ராய்ட்டிலிருந்து ஹைபிரிட் கார் ஓட்டிக்கொண்டு வந்து 3,400 கோடி கேட்டார்கள். எனக்கு அப்போதும் இப்போதும் அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் 70,000 கோடி டாலருக்கு வங்கி மீட்பு நிதி நிறைவேறியிருந்தது. அந்த நிதியைக் கொடுத்தபோது வங்கிக்காரர்களை எதில் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் சம்பளச் சண்டை. கார்த் தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர் கொடுத்தால் கம்பெனி எப்படி உருப்படும் என்று டிவியில் தினமும் ஒருவர் கேட்பார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு என்ஜின் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, அந்த எழுபது டாலர் யார் பையில் போகிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள், நான் போய் வாங்கிக்கொள்கிறேன் என்பார். தொழிலாளி கையில் வாங்கியது ஏறத்தாழ 28 டாலர். மிச்சம், சலுகைகளோடு சேர்த்து, ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் இன்று வேலை செய்பவர்களின் மணிக்கணக்கால் வகுத்து வந்த எண். ஆட்குறைப்பு செய்யச் செய்ய அந்த எண் ஏறும். யூனியன் பக்கமும் அபத்தம் இல்லாமல் இல்லை. வேலை இல்லாதவர்களுக்கும் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து உட்கார வைக்கும் 'ஜாப்ஸ் பேங்க்' என்று ஓர் ஏற்பாடு 2009 தொடக்கம் வரை இருந்தது. வீட்டுக்காரரே அதைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றுவார்.

1,400 கோடி டாலர் கடன் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் டிசம்பர் 11 இரவு விழுந்தது. ஆதரவாக 52, எதிராக 35. விவாதத்தை முடித்து வைக்க 60 வேண்டும். உரக்க எதிர்த்தவர்களில் அலபாமா மாநில செனட்டர் ரிச்சர்டு ஷெல்பி ஒருவர். சந்தைதான் தீர்மானிக்க வேண்டும் என்பது வாதம். அதே அலபாமா, மெர்சிடிஸ் தொழிற்சாலையைக் கொண்டுவர 1993-இல் 25 கோடி டாலருக்கு மேல் சலுகை கொடுத்த மாநிலம். வரவேற்கக் கொடுத்தால் ஊக்கத்தொகை, காப்பாற்றக் கொடுத்தால் தண்டம்.

எட்டு நாள் கழித்து, பதவி முடிய ஒரு மாதமே இருந்த ஜார்ஜ் புஷ், வங்கிகளுக்காக ஒதுக்கிய நிதியிலிருந்தே 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார். ஜிஎம்முக்கு 1,340, கிரைஸ்லருக்கு 400. நிபந்தனைகள் உண்டு. பத்திரம் விற்று வாங்கிய கடனை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். தனி விமானங்களை விட்டுவிட வேண்டும். 10 கோடி டாலருக்கு மேற்பட்ட எந்தப் பெரிய பரிவர்த்தனையையும் அரசு தடுக்கலாம். பிழைக்கும் வழியை மார்ச்சுக்குள் நிரூபிக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், அடுத்த அதிபர் வரும் வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கடன்.

ஃபோர்டு அவசரக் கடன் வாங்கவில்லை. கௌரவத்தால் அல்ல. 2006 கடைசியில், கடன் எளிதாகக் கிடைத்த காலத்திலேயே, தொழிற்சாலைகளையும் அந்த நீல முட்டை முத்திரையையும்கூட அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் திரட்டி வைத்திருந்தார்கள். முத்திரை 2012-இல்தான் மீண்டது. கையில் பணம் இருந்த ஃபோர்டின் தலைவர் ஆலன் முலாலி, போட்டியாளர்களுக்குக் கடன் கொடுங்கள் என்று ஏன் போய்ச் சாட்சி சொன்னார் என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. எங்களைப் போல சப்ளையர் கம்பெனியில் இருந்தவர்களுக்குப் புரியும். ஒரே சீட் கம்பெனிதான் மூவருக்கும் சீட் தைக்கும், பக்கத்து மாநிலத்தில் ஜப்பான்காரனுக்கும் தைக்கும். சரக்கு போய் ஒன்றரை மாதம் கழித்துத்தான் பணம் வரும். ஜிஎம் ஒரு நாள் பணத்தை நிறுத்தினால் சீட் கம்பெனி படுக்கும். சீட் இல்லாமல் ஃபோர்டு லைனும் நிற்கும். 2009 மார்ச்சில் சப்ளையர்களுக்கென்றே தனியாக 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். எனக்கு அது ஒரு மாதம் பிந்தி வந்தது. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பேட்ஜை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். நான்கு மாதம் பெஞ்ச், அதாவது வேலையில்லாக் காத்திருப்பு.

அதே பிப்ரவரியில் வந்த பொருளாதார ஊக்கச் சட்டத்தில், மீட்பு நிதி வாங்கிய கம்பெனிகள் எச்-1பி ஆள் எடுக்கக் கெடுபிடி வைக்கும் ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். கடன் வாங்கியது அவர்கள், கட்டுப்பாடு எங்கள் விசாவுக்கு. பாண்டியாக் நகரில் ஒரு பராசக்தி கோயில் இருக்கிறது. அந்த வருடம் அங்கே வெள்ளிக்கிழமைக் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரத்தோடு விசா வகையையும் எழுதிவிடலாம் என்று அண்ணாச்சி சொல்வார்.

புது அதிபர் ஒபாமா கார்க் கம்பெனிகளுக்காக அமைத்த பணிக்குழுவை நடத்தியவர் ஸ்டீவன் ராட்னர், கார்த் தொழில் தெரியாத நியூயார்க் நிதிக்காரர். தெரியாததும் ஒரு வசதிதான் என்று இப்போது தோன்றுகிறது. மார்ச் கடைசியில் இரண்டு கம்பெனிகளின் திட்டத்தையும் திருப்பி அனுப்பினார்கள். ஜிஎம் தலைவர் ரிக் வாகனரைப் போகச் சொன்னார்கள். கிரைஸ்லருக்கு முப்பது நாள், ஜிஎம்முக்கு அறுபது நாள். கூடவே, இந்தக் கம்பெனிகளின் கார்களுக்கு வாரண்டிப் பொறுப்பை அரசே ஏற்கும் என்றார்கள். திவாலாகப் போகிறவனிடம் யார் கார் வாங்குவார்கள்? அந்தப் பயத்தை முதலில் அடைத்தார்கள்.

இனி பந்திக் கதை. திவால் என்றால் கல்யாணப் பந்தி மாதிரி. சாப்பாடு குறைவு, ஆள் அதிகம். ஈடு வைத்துக் கடன் கொடுத்தவன் முதல் பந்தி. ஈடு இல்லாமல் பத்திரம் வாங்கியவன், சரக்குப் போட்டவன், பென்ஷன்காரன் எல்லோரும் அடுத்து. பங்குதாரர் கடைசி. அவர் இலை போடும்போது பெரும்பாலும் ரசம்கூட இருக்காது. இந்த வரிசை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சமையலுக்கு அரிசியே ஒருவன்தான் கொண்டு வருகிறான் என்றால்? 2009-இல் திவால் காலத்தை ஓட்டக் கடன் கொடுக்க ஒரு வங்கியும் தயாராக இல்லை. கொடுத்தது அரசாங்கம் மட்டும். அதனால் பந்தி விசாரிக்கிறவனும் அவனே ஆனான்.

கிரைஸ்லர் ஏப்ரல் 30-இல் திவால் மனு போட்டது. முதல் பந்திக்காரர்களுக்கு 690 கோடி டாலர் பாக்கி. கிடைத்தது 200 கோடி. அவர்களுக்குப் பின்னால் உட்கார வேண்டிய ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் மருத்துவ நிதியத்துக்குப் புதுக் கம்பெனியில் 55 சதவீதப் பங்கு. இந்தியானா மாநிலப் பென்ஷன் நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. நீதிமன்றம் தடுக்கவில்லை. காசாக எதுவும் போடாமல், தொழில்நுட்பம் தருகிறேன் என்று வந்த ஃபியட்டுக்குத் தொடக்கத்தில் 20 சதவீதம். 42 நாளில் எல்லாம் முடிந்தது.

ஜூன் 1-இல் ஜிஎம். சொத்து 8,230 கோடி, கடன் 17,280 கோடி. செய்தது இதுதான்: நல்ல தொழிற்சாலை, நல்ல பெயர்கள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ஒரு புதுக் கம்பெனிக்கு விற்றார்கள். வாங்கியது அரசாங்கப் பணம். வேண்டாத நிலம், மூடிய ஆலை, பழைய வழக்கு, பழைய கடன் எல்லாம் பழைய கம்பெனியில் தங்கின. நாற்பதாவது நாள் புது ஜிஎம் பிறந்தது. அமெரிக்க அரசுக்கு 60.8 சதவீதம், தொழிலாளர் மருத்துவ நிதியத்துக்கு 17.5, கனடாவுக்கும் ஒன்டாரியோ மாநிலத்துக்குமாக 11.7, சுமார் 2,700 கோடி டாலருக்குப் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கு 10. பத்திரக்காரர்கள் என்றால் வால் ஸ்ட்ரீட் கழுகுகள் மட்டும் இல்லை. நிச்சயமான வட்டி வரும் என்று நம்பி வாங்கிய வயதானவர்களும் அதில் உண்டு.

எனக்கு இதில் உறுத்துவது டெல்ஃபை விவகாரம். ஜிஎம்மிலிருந்து 1999-இல் பிரித்து விட்ட உதிரி பாகக் கம்பெனி அது. அதன் பென்ஷன் திட்டம் 2009-இல் அரசுக் காப்பீட்டுக்குப் போயிற்று. காப்பீடு முழுப் பென்ஷனைத் தராது. யூனியன் தொழிலாளிகளுக்கு விழுந்த துண்டைப் புது ஜிஎம் போட்டு நிரப்பியது. ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த, யூனியனில் சேராத சம்பளக்காரர்கள், மேற்பார்வையாளர்களும் இன்ஜினியர்களுமாக ஏறத்தாழ இருபதாயிரம் பேர், வெட்டிய பென்ஷனோடு விடப்பட்டார்கள். புதுக் கம்பெனி ஓட யூனியன் தயவு தேவை, ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர் தயவு தேவையில்லை. காரணம் புரிகிறது. நியாயம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஊர்க் கம்பெனி ஒன்றும் இதே நேரத்தில் இதே வாசலில் நின்றது. 2008 ஜூனில் டாடா மோட்டார்ஸ் ஜாகுவார் லேண்ட் ரோவரை ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபோர்டு சரியான நேரத்தில் கையைக் கழுவியது என்றும் சொல்லலாம். மூன்று மாதத்தில் சந்தை விழுந்தது. ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் 34 கோடி பவுண்டு கடனுக்கு பிரிட்டிஷ் அரசின் உத்தரவாதம் கேட்டுப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. நிபந்தனைகள் இறுக, 2009 ஆகஸ்டில் டாடா உங்கள் உத்தரவாதமே வேண்டாம் என்று வேறு வழியில் பணம் புரட்டிக்கொண்டது. அரசு தரும் கடனில் வட்டி சின்ன விஷயம். கூடவே வரும் நாற்காலிதான் பெரிய விஷயம்.

கோடையில் பழைய வண்டிக்குக் காசு திட்டம் வந்தது. பெட்ரோல் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்து, புது வண்டி வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி. 300 கோடி டாலரில் 6.8 லட்சம் வண்டி சுமார் ஒரு மாதத்தில் கைமாறியது. பழைய வண்டி மறுபடி ரோட்டுக்கு வரக்கூடாது என்பதால், என்ஜினில் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓட விடுவார்கள். சில நிமிடத்தில் உள்ளே கண்ணாடி போல இறுகி என்ஜின் செத்துவிடும். எங்கள் வீட்டுக்காரரின் பழைய டிரக் திட்டத்துக்குத் தகுதியான வண்டிதான். நல்ல என்ஜினைக் கொல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அந்தத் திட்டத்தில் அதிகம் விற்ற புது கார் டொயோட்டா கொரோலா என்று நான் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கார்த் துறைக்குப் போனது ஏறத்தாழ 8,000 கோடி டாலர். 2014 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்று முடித்தபோது திரும்பாமல் போனது 930 கோடி வாக்கில். 2010 ஏப்ரலில் ஜிஎம் தலைவர் டிவி விளம்பரத்தில் தோன்றி, கடனை வட்டியோடு முன்கூட்டியே அடைத்துவிட்டோம் என்றார். அடைத்தது 670 கோடி. அதையும் அரசு கொடுத்து வைத்திருந்த வேறொரு கணக்கிலிருந்து எடுத்துத்தான் கட்டினார்கள். பெரும்பகுதி பணம் கடன் என்ற பெயரை விட்டுப் பங்காக மாறியிருந்தது, அதை யார் அடைப்பது? 1980-இல் கிரைஸ்லருக்கு அரசு 150 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தபோது, அதன் தலைவர் லீ அயகோக்கா ஏழு வருடம் முன்னதாகவே அடைத்தார். அரசுக்கு 31 கோடி டாலர் லாபம்கூட வந்தது. அந்த ஞாபகத்தில்தான் 2008-இலும் கடன், கடன் என்று பேசினார்கள் போல.

கொடுத்தது சரியா என்று என்னைக் கேட்டால் சரி என்பேன். அந்த டிசம்பரில் டிராய் நகரின் தெருக்களைப் பார்த்தவன் வேறு மாதிரி சொல்ல முடியாது. ஆனால் அதைக் கடன் என்று அழைத்தது நாகரிகத்துக்காக. நடந்தது நஷ்டப் பங்கீடு. யாருக்கு இலை, யாருக்கு இல்லை என்று பதினைந்து இருபது பேர் ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். ஜிஎம்மின் சாட்டர்ன், ஹம்மர் என்ற கார்ப் பெயர்கள் போயின. ஊர் பெயரைச் சுமந்த பாண்டியாக்கும் 2010-இல் நின்றது. கிரைஸ்லர் ஒரே அடியில் 789 டீலர்களை வெட்டியது. பழைய ஜிஎம்முக்கு 'மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி' என்று பெயர் மாற்றினார்கள். அதன் பங்கைப் புது ஜிஎம் என்று நினைத்து ஜனங்கள் வாங்கிக்கொண்டே இருந்ததால், ஜூலையில் ஒழுங்குமுறைக்காரர்கள் குறுக்கிட்டு வர்த்தகக் குறியீட்டையே மாற்ற வேண்டி வந்தது.

2010 நவம்பரில் புது ஜிஎம் பங்கு வெளியீடு, ஒரு பங்கு 33 டாலர். நான் அப்போது கொலம்பஸில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தேன். அண்ணாச்சி சென்னை திரும்பி ஓஎம்ஆரில் வேலை. அவருக்கு விடிகாலை இருக்கும், போன் வந்தது.

"தம்பி, முப்பத்தி மூணு டாலராம்லா! நான் அன்னைக்கே சொன்னம்லா. ஆனா என் கணக்குல இன்னும் சில்லறக் காசுதான் காட்டுதான். என்னன்னு பாரு."

விளக்கினேன். பழைய கம்பெனி, புதுக் கம்பெனி, பந்தி வரிசை, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப கம்பெனி முங்கலலா?"

"முங்கல அண்ணாச்சி."

"கவர்மெண்டு காப்பாத்திட்டான்லா?"

"காப்பாத்திட்டான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் பால்காரர் மணி கேட்டது.

"சரி. அப்ப அந்தப் புதுசுல ஒரு நூறு வாங்கிப் போடவா?"